வெயிலுக்கு ஆங்கிலத்தில் என்ன?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

அம்மாபேட்டை என்றால் சேலத்தாருக்குத் தறிச் சத்தம்தான் நினைவுக்கு வரும். அந்தச் சத்தத்திலேயே தூங்கி, அந்தச் சத்தத்திலேயே விழித்து வளர்ந்தவன் நான். தாத்தா குழித்தறியில் நெய்தவர். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். ஆயா கண் மங்கும் வரை ராட்டையில் தார் சுற்றினாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இங்கே வந்தபின் சில சொற்களோடு நான் பட்ட பாட்டையும், அச்சொற்கள் கடைசியில் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பதையும் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

நெசவாளி வீட்டில் வெயிலைப் பற்றித் தெரியாதவர் கிடையாது. நான் சிறுவனாக இருந்தபோது, இருள் பிரியுமுன்னே பெரியவர்கள் பாவை நீட்டிக் கஞ்சி போடுவார்கள். இளவெயில் ஏறுவெயிலாக மாறுமுன் வேலை முடிந்துவிட வேண்டும். வெயில் போதாவிட்டால் ஈரம் காயாது; மிஞ்சினால் நூல் முறுகி இழை இழையாக அறும். சாயம் தோய்த்த நூலை நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் கிடந்தால் நிறம் வெளுக்கும். இளவெயில், ஏறுவெயில், உச்சிவெயில், மாலைவெயில் என்று அவர்கள் வெயிலை வகைவகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தே எந்த வெயில் எந்த வேலைக்கு ஆகும் என்று சொல்வார்கள். இவ்வளவு தெரிந்த வீட்டிலிருந்து வந்தவனுக்கு, வெயிலுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டால் உடனே சொல்லத் தெரியவில்லை.

சூரியனுக்குள்ளே நூல் காய்ந்த கதை

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன் நான். முதலாண்டில் ஆங்கிலப் பாடத்தில் என் வீட்டைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னார்கள். ‘என் தந்தை நூலைச் சன்லைட்டில் காய வைக்கிறார்’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் எழுதினேன். விரிவுரையாளர் சிவப்பு மையால் அச்சொல்லை அடித்துவிட்டு, ‘இன் தி சன்’ என்று திருத்தியிருந்தார். எனக்கு விளங்கவில்லை. ‘ஐயா, சூரியனுக்குள்ளே எப்படிக் காய வைப்பது?’ என்று கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

சன்லைட் என்பது சூரியனிடமிருந்து வரும் ஒளி. அறைக்குள் சன்னல் வழியாக வந்து விழுவதும் அதுவே, செடி உணவு தயாரிக்கப் பயன்படுவதும் அதுவே. சன்ஷைன் என்பது மேகம் மறைக்காமல் அடிக்கும் வெயில்; அதில் இதமும் மகிழ்ச்சியும் கலந்திருக்கும். குளிர்நாட்டில் பிறந்த சொல் அல்லவா, வெயில் வந்தாலே அவர்களுக்குத் திருநாள்! டேலைட் என்றால் பகல் வெளிச்சம். கண்ணைக் கூச வைத்தால் கிளேர். உடம்பைச் சுட்டால் ஹீட். நாம் ‘வெயிலில் நிற்காதே’ என்று சொல்லும் இடத்தில் அவர்கள் ‘சூரியனில் நிற்காதே’ என்று சொல்லிவிடுகிறார்கள். நம்முடைய வெயில் என்ற ஒரே சொல்லில் ஒளியும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. அவர்கள் அதைப் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

வானிலை ஆய்வாளர்கள் சன்ஷைனை மணிக்கணக்கில் அளக்கிறார்கள் என்பதைப் பின்னர் படித்து வியந்தேன். 1853இல் காம்பெல் என்பவர் அமைத்து, 1879இல் ஸ்டோக்ஸ் திருத்திய கருவி ஒன்று உண்டு. ஒரு கண்ணாடிக் குண்டு, அதன் பின்னால் ஓர் அட்டை, அவ்வளவுதான். வெயில் அடிக்கும் நேரமெல்லாம் குண்டு அதைக் குவித்து அட்டையில் ஒரு கோடு சுட்டுக்கொண்டே போகும். மேகம் வந்தால் கோடு அறும். மாலையில் கோட்டின் நீளத்தை அளந்தால் அன்றைக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்று தெரியும். சூரியனிடமிருந்து நேராக வரும் ஆற்றல் சதுர மீட்டருக்கு 120 வாட்டுக்கு மேல் இருந்தால்தான் அது சன்ஷைன் என்பது உலக வானிலை அமைப்பு வகுத்திருக்கும் இலக்கணம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாவு நூலை விரலால் தடவிச் சொன்னதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

தெருவில் உலவும் சொற்கள்

அதன்பின் என் காது சும்மா இருக்கவில்லை. ஒளியைப் பற்றிய ஆங்கிலச் சொற்கள் ஏற்கெனவே எங்கள் தெருவுக்கு வந்து, வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டுகொண்டேன்.

ஆயாவுக்குச் சன்லைட் என்றால் துணி சோப்பு. இங்கிலாந்தில் 1884இல் அந்தப் பெயரில் விற்பனைக்கு வந்த சோப்பு, 1888இலேயே கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கியிருக்கிறது. சூரியனின் பெயர் அழுக்குப் போக்கும் கட்டிக்குப் பெயராகிவிட்டது. பொருத்தம்தான், நம் மொழியிலும் துணியும் வெளுக்கிறது, கிழக்கும் வெளுக்கிறது.

‘சேலை நல்ல ஷைனிங்கா இருக்குது’ என்று கடையில் பெண்கள் சொல்கிறார்கள். பட்டிழையை வெட்டிப் பார்த்தால் அதன் குறுக்குவெட்டு முக்கோணம் போல இருக்கும். அதனால்தான் பட்டு ஒளியை அப்படித் திருப்பி அடிக்கிறது என்பது நாம் படிக்கும் பாடம். வண்டியின் பின்னால் ஒட்டும் பளபளப்புத் தாளை ‘ரேடியம்’ என்கிறோம். கியூரி தம்பதியர் 1898இல் கண்டறிந்த ரேடியம் என்ற தனிமத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது விளக்கொளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரித் தொழில் செய்பவர்கள் வாயில் ‘ரேடியேட்டர்’, ‘ரேடியல் டயர்’ என்ற சொற்கள் நாள்தோறும் புரள்கின்றன. ரேடியேட்டர் என்று பெயர் இருந்தாலும் அது கதிர்வீச்சினால் வெளியேற்றும் வெப்பம் சொற்பம். பெரும்பகுதியைக் காற்றுதான் கொண்டுபோகிறது. பெயர் ஒன்று, வேலை வேறு. மாடியில் பலகை பொருத்தியவர்களைப் பார்த்து, ‘சோலார் போட்டாச்சா?’ என்று விசாரிக்கிறோம். ஆங்கிலம் தெரியாது என்று சொல்லும் எங்கள் தெருவுக்கு, சூரியன் குடும்பத்துச் சொற்கள் இத்தனை தெரிந்திருக்கின்றன.

பீம் என்றால் என்ன?

இந்த ஆண்டு ஒளியியல் வகுப்பில் இன்னொரு சிக்கல் வந்தது. ‘பீம் ஆஃப் லைட்’ என்றால் என்ன என்று பேராசிரியர் கேட்டு, என்னை எழுப்பினார். பீம் என்ற சொல் எனக்கு மிகவும் பழக்கமானது. விசைத்தறியில் பாவு நூல் சுற்றிய உருளையின் பெயர் அது. ‘பீம் தீந்துபோச்சு’, ‘பீம் ஏத்தணும்’ என்று அப்பா சொல்லாத நாள் இல்லை. ஆகவே சற்றும் தயங்காமல், ‘பல இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுற்றியிருப்பது, ஐயா’ என்றேன். வகுப்பே அதிர்ந்து சிரித்தது. காது சுட, தலைகுனிந்து நின்றேன்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. ‘பல கதிர்கள் இணையாகச் சேர்ந்து செல்வதுதான் பீம். இவன் சொன்னதில் கதிருக்குப் பதில் இழை இருக்கிறது, அவ்வளவுதான். நூலகத்தில் பெரிய அகராதி இருக்கிறது, போய்ப் பார்’ என்றார்.

போய்ப் பார்த்தேன். பழைய ஆங்கிலத்தில் பீம் என்றால் மரம். ஜெர்மன் மொழியில் இன்றும் மரத்துக்குப் ‘பாம்’ என்று பெயர். மரத்திலிருந்து உத்தரக்கட்டை ஆயிற்று. தறியின் உருளைக்கட்டையும் ஆயிற்று. விவிலியத்தில் வரும் ஒளித்தூணைக் குறிக்க அந்த மரச் சொல்லையே பழைய ஆங்கில எழுத்தாளர்கள் எடுத்தாண்டதால், ஒளிக்கற்றைக்கும் பீம் என்ற பெயர் வந்ததாக அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். ஆக, எங்கள் தறியின் பீமும் சூரியனின் பீமும் ஒரே மரத்துக் கிளைகள்!

அன்று இரவு அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் நூலை முடிந்துகொண்டே, ‘இதுல என்ன சாமி அதிசயம்? உங்க தாத்தன் குழித்தறியில நெய்த துணியைச் சுத்துற கட்டைக்குப் படமரம்னுதானே பேரு. எந்த ஊர்க்காரனா இருந்தா என்ன, மரத்தை மரம்னுதான் சொல்லுவான்’ என்றார். வகுப்பில் குனிந்த என் தலை அப்போதுதான் நிமிர்ந்தது.

ஆயா கேட்ட கேள்வி

இதுவரை சொன்னது விளையாட்டுப் போல இருக்கலாம். இனிச் சொல்லப்போவது விளையாட்டல்ல.

சென்ற ஆண்டு ஆயாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சோதனைகளுக்குப் பிறகு அது புற்றுநோய் என்று சொன்னார்கள். ‘ரேடியேஷன் கொடுக்க வேண்டும்’ என்றார் மருத்துவர். அப்பா என் முகத்தைப் பார்த்தார். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தானே! நான் தலையை ஆட்டினேனே தவிர, ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், ‘அதாங்க, கரண்ட் வைக்கிறது’ என்று விளக்கினார். எங்கள் பக்கத்தில் அந்தச் சிகிச்சைக்கு மக்கள் வழங்கும் பெயர் அதுதான்.

கரண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் ஆயாவின் முகம் மாறிவிட்டது. விசைத்தறி ஓடும் வீதியில் வாழ்பவர்களுக்குக் கரண்ட் என்றால் என்னவென்று தெரியும். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள். ‘தறிக்கு வைக்கிற கரண்ட்ட ஒடம்புல வெப்பாங்களா? நான் வீட்டுலயே செத்துப்போறேன், என்னைய விட்டுருங்க’ என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாள் யார் சொல்லியும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மின்காந்த அலை, அலைநீளம், அதிர்வெண் என்று தேர்வுத்தாளில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன். அதில் ஒரு வரியைக்கூட என் ஆயாவிடம் சொல்ல முடியவில்லை. கடைசியில், ‘அது கரண்ட் இல்ல ஆயா. கதிர்வீச்சு’ என்றேன்.

‘கதிரா?’ என்றாள் ஆயா. ‘கதிரு நெல்லுல இருக்கும். ராட்டையில இருக்கும். ஒடம்புல எப்படிச் சாமி வீசுவாங்க?’

ராட்டை! தார் சுற்றும் ராட்டையில், தார்க்குச்சியைச் செருகும் இரும்புக் கம்பியின் பெயர் கதிர்தான். ஆயுளில் பாதியை அந்தக் கதிரின் முன்னால் உட்கார்ந்து கழித்தவள் அவள். எனக்கு வழி கிடைத்துவிட்டது.

‘ராட்டைச் சக்கரத்தை நினைச்சுக்க ஆயா. வட்டத்தச் சுத்தி எத்தனை ஆரக்கால் இருக்குது? எல்லாம் எங்க வந்து சேருது?’

‘நடுக்குடத்துல.’

‘கட்டி அந்தக் குடம் மாதிரி. கதிரை ஒரே பக்கமா விட்டா வழியில இருக்கிற நல்ல சதையெல்லாம் கெட்டுப்போகும். அதனால மிஷினைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு பக்கமிருந்தும் கொஞ்சங் கொஞ்சமா விடுவாங்க. ஆரக்கால் மாதிரி எல்லாம் கட்டியில வந்து கூடும். மத்த எடத்துல கொஞ்சம்தான் படும், கட்டியில முழுசாப் படும். விடும்போது வலிக்காது, ஷாக் அடிக்காது. வெயிலும் இதே சாதிதான் ஆயா. வெயில் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. சாயத்தை வெயில் வெளுக்கிற மாதிரி இது கட்டியை அழிக்கும்.’

ஆயா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ‘வெயிலுன்னா சரி’ என்றாள்.

நான் சொன்னதில் பொய் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளி, வெப்பத்தைச் சுமந்து வரும் அகச்சிவப்பு, தோலைக் கறுக்கச் செய்யும் புறஊதா, 1895இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர் ஆகிய அனைத்தும் ஒரே குடும்பம். எக்ஸ் கதிரின் ஆற்றல் மிகுதி. அது உயிரணுவின் உள்ளிருக்கும் மரபுப் பொருளை உடைத்து, புற்றணு பெருகாமல் செய்கிறது.

வாரத்துக்கு ஐந்து நாளாகப் பல வாரங்கள் போய் வந்தாள். எல்லாம் எளிதாக நடந்தது என்று சொல்லமாட்டேன். கழுத்துத் தோல் கறுத்தது. தொண்டை புண்ணாகிக் கஞ்சி மட்டுமே இறங்கியது. ஆனால் ஒரு நாளும் வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறாள். கதிர் பட்ட இடத்தில் வெயில் படக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், கழுத்தைச் சுற்றித் துண்டைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் இளவெயில் காய்கிறாள்.

அகராதியில் கண்டது

ஆயாவின் கேள்வி என்னை மீண்டும் நூலகத்துக்குத் துரத்தியது. ரேடியேஷன் என்ற சொல் எங்கிருந்து வந்தது? ரே, ரேடியேஷன், ரேடியன்ட், ரேடியோ, ரேடியம், ரேடியேட்டர், ரேடியல், வட்டத்தின் ஆரத்துக்கு நாம் சொல்லும் ரேடியஸ் ஆகிய எல்லாவற்றுக்கும் தாய் இலத்தீன் மொழியின் ‘ரேடியஸ்’ என்ற சொல். அதற்கு என்னென்ன பொருள்கள் என்று இலத்தீன் அகராதியைப் புரட்டினேன். குச்சி, சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர், அடுத்த பொருளைப் படித்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. நெசவாளியின் நாடா!

ஆம் நண்பர்களே, பாவின் ஊடே நூலைக் கொண்டு ஓடும் அதே நாடாதான். ரோமாபுரியின் நெசவாளி தன் கையிலிருந்த நாடாவுக்கும், சூரியனிலிருந்து வரும் கதிருக்கும் ஒரே பெயர் சொன்னான். சேலத்து நெசவாளியின் ஆயா ராட்டையின் கம்பிக்கும், சூரியனின் கதிருக்கும் ஒரே பெயர் சொல்கிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. இருவர் கையிலும் மெல்லிய நேரான குச்சி ஒன்று இருந்தது. கூரை ஓட்டையில் நுழைந்து தறிமேல் விழும் வெயிலும் அப்படியே மெலிந்து, நேராக இருந்திருக்கும். ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்று நாம் பாடத்தில் படிக்கும் உண்மை அந்த ஒப்புமைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

ரேடியேஷன் நமக்கு அந்நியமான சொல் என்றும் இனி நான் எண்ணமாட்டேன். 1928இல் கல்கத்தாவில் சர் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் ஒளிச்சிதறலை ஆராய்ந்தார்கள். ஒருவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர்; மற்றவர் வத்திராயிருப்பைச் சேர்ந்தவர். அவர்களுடைய முதல் சோதனைகளுக்கு ஒளி தந்தது சூரியன்தான். வெயிலைக் குவித்து, நிறவடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் செலுத்தி, சிதறி வரும் ஒளியில் புதிய நிறம் தெரிவதைக் கண்டார்கள். அதை உலகுக்கு அறிவித்து ‘நேச்சர்’ இதழில் அவர்கள் எழுதிய கடிதத்தின் தலைப்பு, ‘புதுவகை இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு’ என்று பொருள்படும். நம் மண்ணில் பிறந்த இருவர், நம் வானத்து வெயிலை வைத்து, ரேடியேஷன் என்ற சொல்லுக்குப் புதிய பொருளொன்றைச் சேர்த்திருக்கிறார்கள்.

முடிவாக, என்னைப் போலத் தமிழ்வழியில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாக இக்கல்லூரிக்கு வந்து, கடைசிப் பெஞ்சில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். ஆங்கிலத்தைக் கற்க வேண்டும். நன்றாகவே கற்க வேண்டும். அகராதியைத் திறக்காதவனுக்கு அது பூட்டிய வீடு. ஆனால் வீட்டிலிருந்து கொண்டுவந்த சொற்களைக் கல்லூரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வராதீர்கள். தறியும் ராட்டையும் வயலும் லாரியும் தந்த சொற்கள் அவை. வகுப்பில் அவற்றைச் சொன்னால் ஒருநாள் சிரிப்பார்கள், பரவாயில்லை. படித்ததை நம் ஆயாவுக்கு விளங்கும்படி சொல்ல முடிகிற நாளில்தான் நாம் பட்டதாரி ஆகிறோம்.

பதினைந்து கோடி கிலோமீட்டர் கடந்து, எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் எங்கள் திண்ணைக்கு வந்து சேரும் ஒளியில் நேற்றும் ஆயா உட்கார்ந்திருந்தாள். ‘சாமி, வெயிலுக்கு இங்கிலீசுல என்ன?’ என்று கேட்டாள். ‘சன்ஷைன், ஆயா’ என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். ‘நம்ம பேருதான் சூடா இருக்குது’ என்றாள்.